தேங்காய் எண்ணெய் உறையும் மாதத்தில்

எங்கள் வீட்டுப் பின்கட்டுச் சுவரில் ஒரு மாடம் உண்டு. அதில் தேங்காய் எண்ணெய் பாட்டில் ஒன்று வருடம் முழுக்க உட்கார்ந்திருக்கும். சித்திரையில் சாய்த்தால் தண்ணீர்போல ஓடும். கார்த்திகை தீபம் கழிந்த சில நாளில், ஒரு விடியற்காலை எடுத்துக் கவிழ்த்தால் சொட்டு விழாது. வெள்ளை வெளேரென்று உறைந்து நிற்கும். தேங்காய் எண்ணெய் உருகுவதும் உறைவதும் 24, 25 டிகிரி செல்சியஸ் அளவில். ஆகவே அந்த பாட்டில் ஒரு வெப்பமானி. காசு கொடுத்து வேறு வாங்க வேண்டியதில்லை. அது வெளுத்த நாளிலிருந்து, கண் திறக்காத குட்டி தாயின் வயிற்றை விட்டு ஒரு முழம் விலகினால் அதன் உயிருக்கு உத்தரவாதமில்லை. நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். மீதியெல்லாம் இதற்கு உரை.

எங்கள் ஊர் திருவெண்ணெய்நல்லூரில் குளிரா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. விழுப்புரம் மாவட்டத்துச் சமவெளியில் மார்கழி, தை விடியலில் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். லடாக்கில் வேலை பார்த்துவிட்டு விடுமுறையில் வந்திருக்கும் ராணுவ வீரர் அந்த நேரத்தில் வெறும் பனியனோடு டீக்கடையில் நிற்பார். அவருக்கு அது இதமான காலை. அதே கடையின் பெஞ்சுக்கு அடியில் பிறந்து மூன்று நாளான நாய்க்குட்டி கிடக்கிறது. அதற்கு அந்த 20 டிகிரி தாங்க முடியாத குளிர்.

காரணம் உடம்பில் இருக்கிறது. வளர்ந்த நாயின் உடல் வெப்பம் 38.5 டிகிரி அளவில் இருக்கும். பிறந்த குட்டிக்கு முதல் வாரத்தில் 36-ஐ ஒட்டித்தான். அந்த வாரத்தில் அதற்கு நடுங்கக்கூடத் தெரியாது. நடுக்கம் என்பது தசை தன்னைத்தானே உலுக்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளும் வேலை. அந்த வேலை குட்டிக்குப் பிடிபட ஆறேழு நாள் ஆகும். அதுவரை அதன் சூடெல்லாம் கடன் வாங்கிய சூடு: தாயின் மடியிடமிருந்து, ஒட்டிக் கிடக்கும் உடன்பிறப்புகளிடமிருந்து. முதல் வாரம் அதன் படுக்கை 30 முதல் 32 டிகிரி வரை இருக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வார்கள். நம் விடியலுக்கும் அந்தக் கணக்குக்கும் இடையே பத்து டிகிரி பள்ளம் இருக்கிறது. தாய் இரை தேடிப் போய் ஒரு மணி நேரம் தாமதித்தால் குட்டி அந்தப் பள்ளத்தில் விழுகிறது.

ஊர்ப் பெயரிலேயே இதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. அம்பிகை வெண்ணெயால் கோட்டை எழுப்பி அதனுள் தவமிருந்த தலம் இது என்பது தலபுராணம். பசு வெண்ணெய் உருகுவது 32 முதல் 35 டிகிரி சூட்டில். ஒரு பாக்களவு வெண்ணெயைக் கிண்ணத்தில் போட்டுக் குட்டிகளின் படுக்கைமேல் வைத்துப் பாருங்கள். அது இளகித் தளதளவென்று உருகுகிற பக்குவத்துக்கு வந்தால் அந்தப் படுக்கை சரி. கல்லாக நின்றால் குட்டிகள் அங்கே இருக்கக் கூடாது. எண்ணெய் குளிரைச் சொல்லும், வெண்ணெய் சூட்டைச் சொல்லும். இரண்டும் நம் வீட்டு அடுப்படியிலேயே இருக்கின்றன.

தமிழில் பனி என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பெயராக நின்றால் அது புல்நுனியில் தங்கும் நீர். வினையாகி, பனித்தல் என்று நின்றால் நடுங்குதல். காரணத்தையும் விளைவையும் ஒரே சொல்லில் முடிந்துவைத்திருக்கிறார்கள். இலக்கணம் வகுத்த ஆறு பெரும்பொழுதில் கூதிர், முன்பனி, பின்பனி என்று மூன்றைக் குளிருக்கே கொடுத்துவிட்டார்கள். ஐப்பசி தொடங்கிப் பங்குனி முடிய ஆறு மாதம், வருடத்தில் சரிபாதி. நம் நாட்டில் குளிர்காலமே கிடையாது என்பது மின்விசிறி வந்த பிறகு நாம் சொல்லிக்கொள்ளும் வார்த்தை.

குளிரில் நடுங்கும் உயிருக்குத் துணி கொடுத்த பேகன் கதையை எல்லாரும் பள்ளியில் படித்திருக்கிறோம். அவன் பொதினி மலைக்காரன், இன்றைய பழனி. ஆனால் அவன் புகழை வரிசையில் வைத்துச் சொன்ன சிறுபாணாற்றுப்படை நம் பக்கத்துப் பாட்டு. ஓய்மா நாட்டு நல்லியக்கோடன்மேல் நத்தத்தனார் பாடியது. அந்த நாட்டின் கிடங்கில் என்ற ஊர் இன்றைய திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிறது. நல்லியக்கோடனின் கொடையைச் சொல்வதற்காகப் புலவர் ஏழு வள்ளல்களை வரிசையாக நிறுத்துகிறார். அதில் முதல் ஆள் மயிலுக்குத் துணி கொடுத்த பேகன். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி அவனுக்குப் பின்னால்தான் நிற்கிறான். இந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும்.

மயில் ஆடியதைப் போய் நடுங்குவதாக நினைத்துக்கொண்டான் அந்த அரசன் என்று இன்றைக்குச் சிரிக்கிறவர்கள் உண்டு. பரணர் அந்தச் சிரிப்புக்கு அன்றே இடம் வைக்கவில்லை. மயில் அந்தத் துணியை உடுத்தாது, போர்த்திக்கொள்ளவும் செய்யாது. அது தெரிந்தேதான் பேகன் கொடுத்தான் என்று புறநானூற்றில் அவர் சொல்கிறார். இன்னொரு பாட்டில் பேகனின் எண்ணமாக அவர் வைக்கும் சொல், மேலே சொன்ன அதே பனித்தல். நடுங்குகிறது என்று பட்டது. கையில் இருந்ததைக் கொடுத்தான். அந்த மனசில் ஒரு குறையும் காண மாட்டேன். ஆனால் பரணர் தந்திருக்கும் அந்தத் தகவல் மிக முக்கியமானது: விலங்கு போர்த்திக்கொள்ளாது. நாய்மேல் நாம் போர்த்தும் துண்டு அது ஒருமுறை எழுந்து உடம்பை உதறினால் கீழே கிடக்கும். ஆனால் எந்த விலங்கும் படுத்துக்கொள்ளும். சிமென்ட் தரை இரவு முழுக்க வயிற்றிலிருந்து சூட்டை உறிஞ்சுகிறது. ஆகவே துணி மேலே போக வேண்டாம், அடியில் போகட்டும். ஒரு கோணிப்பையை நாலாக மடித்துத் திண்ணை ஓரத்தில் விரித்துவையுங்கள். அரை மணியில் வந்து மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, மூக்கை வாலுக்குள் செருகிக்கொண்டு சுருண்டுவிடும். அந்தச் சுருளல் தானாகவே ஒரு போர்வை. காற்று படும் தோலின் பரப்பை அது குறைத்துவிடுகிறது.

இனி ஈரத்துக்கு வருவோம். மெய்கண்டார் இந்த ஊரில் இருந்துதான் சிவஞானபோதத்தை 12 சூத்திரத்தில், 40 அடியில் அடக்கினார். ஒவ்வொரு கருத்தையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று படிவைத்து நிறுவுவது அந்நூலின் முறை. உயிரைப் பசு என்று பெயரிட்டு அழைத்த மரபு அது. எனவே உயிர் போகிற விஷயத்தை அந்த முறையிலேயே சொல்கிறேன்.

மேற்கோள்: இந்த ஊரில் குளிரால் சாகும் விலங்கு ஈரத்தால் சாகிறது.

ஏது: ஒரு கிராம் நீர் ஆவியாகிப் போக ஏறத்தாழ 580 கலோரி சூடு வேண்டும். அந்தச் சூட்டை அது ஒட்டியிருக்கும் உடம்பிலிருந்துதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. 300 கிராம் எடையுள்ள நாய்க்குட்டியின் மயிரில் வெறும் 2 மில்லி தண்ணீர் தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரை டீஸ்பூன்கூட இல்லை. அது முழுவதும் குட்டியின் சூட்டையே தின்று ஆவியானால் குட்டியின் உடல் வெப்பம் நாலு டிகிரிக்கு மேல் இறங்கும். 36-இலிருந்து 32-க்குக் கீழே. ஈடுகட்ட நடுக்கமும் கிடையாது, கொழுப்பும் கிடையாது. உடம்பு சிறியதாக ஆக, எடைக்குத் தோல் பரப்பு கூடிக்கொண்டே போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எருமைக்கு ஒரு பொருட்டே இல்லாத ஈரம் குட்டிக்குப் பெரும் பாரம்.

எடுத்துக்காட்டு: குளிர்நாடுகளில் மாட்டை வைத்துப் பார்த்த கணக்கு ஒன்று இருக்கிறது. அடர்ந்த குளிர்கால மயிரும் காய்ந்த உடம்பும் உள்ள வளர்ந்த மாடு, பூஜ்யத்துக்குக் கீழே ஏழு டிகிரி வரை கூடுதல் தீனி இல்லாமல் தாக்குப்பிடிக்கும். அதே மாடு நனைந்துவிட்டால் 15 டிகிரியிலேயே அதன் உடம்பு சூட்டுக்காகக் கூடுதலாக எரியத் தொடங்கிவிடுகிறது. மாடு மாறவில்லை, காற்று மாறவில்லை. நனைந்ததால் மட்டுமே இருபது டிகிரிக்கு மேல் வித்தியாசம்.

உள்ளூர் எடுத்துக்காட்டு இதைவிட வலியது. மார்கழி. விடிய ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அருட்டுறைக் கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கி எழுந்துவிட்டது. பகலெல்லாம் வாங்கிய சூட்டை நிலம் இரவு முழுக்க வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். சூரியன் தலைகாட்டும்வரை இந்தக் கணக்கு இறங்குமுகம்தான். அதாவது இருபத்து நாலு மணி நேரத்தில் மிகக் குளிர்ந்த வேளை அந்த வேளை. சரியாக அந்த வேளையில்தான் வீட்டுக்கு வீடு வாசல் தெளிக்கிறோம். வாசல்படி ஓரம் சுருண்டு கிடக்கிற நாயின்மேல் சொம்புத் தண்ணீர் விழுகிறது. பலர் வேண்டுமென்றே ஊற்றுவதில்லை, இருட்டில் தெரிவதில்லை. சிலர் எழுப்புவதற்கென்றே ஊற்றுகிறார்கள். கல்லால் அடிப்பதைவிடத் தண்ணீர் ஊற்றுவது சாது வழி என்று நினைக்கிறார்கள். மார்கழி விடியலில் அது சாது வழி இல்லை. வளர்ந்த நாய் உதறிக்கொண்டு ஓடி வேறு இடம் பார்த்துக்கொள்ளும். பால் கொடுக்கும் நாய் அந்த ஈர வயிற்றோடு குட்டிகளிடம் திரும்பும். இதைத்தான் நான் சொல்லிச் சொல்லி வருகிறேன்.

எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் ஒரு வருடம் சொன்னேன்.

"பெரிம்மா, படியாண்ட நாய் படுத்திருக்குது. எழுப்பிட்டு ஊத்துங்களேன்."

"நாயிக்கு இன்னாடா பனி? அதான் தோலப் போர்த்திக்கினு பொறந்திருக்குதே."

"அதும் வயித்தத் தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டுப் பார்க்கவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன்: சொம்பை வாளி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, நாய் எழுந்து சோம்பல் முறித்துத் தெரு நடுவுக்குப் போகும்வரை இடுப்பில் கைவைத்து நின்றார். பிறகுதான் தண்ணீர் விழுந்தது. அந்தச் சத்தம் இப்போது அந்த நாய்க்கு அடையாளமாகிவிட்டது. இரண்டு தட்டு, பத்து விநாடி. இதற்குமேல் ஒரு வாசலில் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

நான் செய்த தவறையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அன்போடு இருக்கும் பலரும் இதே தவறைச் செய்வார்கள். ஒரு தை மாதக் காலையில் சாக்கடைப் பாலத்து ஓரத்தில் ஒரு குட்டி தனியாகக் கிடந்தது. கருப்பு உடம்பு, வெள்ளைப் பாதம், கண் இன்னும் ஒட்டியிருந்தது. எடுத்தேன், உள்ளங்கையில் ஈரத்துணி கிடந்தாற்போல் இருந்தது. கத்தவில்லை. பசி என்று முடிவுகட்டி, பசும்பாலை வெதுவெதுப்பாக்கி, இங்க் ஃபில்லரில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டேன். இரண்டு சொட்டு உள்ளே போனதுபோல் இருந்தது. மூன்றாவது மூக்கு வழியாக வெளியே வந்தது. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கால்நடை மருத்துவர் ஒருவரிடம் பிறகு கேட்டபோது பொறுமையாக விளக்கினார். உடல் வெப்பம் 34, 35-க்குக் கீழே போய்விட்ட குட்டியின் குடல் வேலை செய்வதை நிறுத்திவிடும். விழுங்கும் வலுவும் இருக்காது. அப்போது புகட்டும் பால் வயிற்றில் போய்க் கெட்டுக் கிடக்கும், இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் இறங்கும். முதலில் சூடு, பிறகுதான் பால்.

அதன்பிறகு என் கையில் வந்த எந்தக் குட்டிக்கும் வாய்க்குள் சுண்டுவிரலை வைத்துப் பார்க்காமல் நான் எதுவும் கொடுத்ததில்லை. விரலுக்கு வாயின் உட்புறம் சில்லென்று பட்டால் பாலை மறந்துவிட வேண்டும். காய்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்து, சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்வதுதான் முதல் வேலை. நம் தோலின் சூடு அதற்குப் போதும், அதிகமும் ஆகாது. அடுப்புக்கு முன்னால் காட்டுவது, வெந்நீரில் முக்குவது, முடி உலர்த்தும் கருவியைப் பிடிப்பது எல்லாம் ஆபத்து. கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலைத் துணி சுற்றிப் படுக்கையின் ஒரு பக்கம் மட்டும் வைக்கலாம். சூடு கூடினால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கம் காலியாக இருக்கட்டும். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆகும். குட்டி நெளிந்து, முனகி, எதையாவது தேடிச் சப்பத் தொடங்கும். அந்தச் சப்பல்தான் பாலுக்கு உத்தரவு. அப்போதும் முதல் பால் தாயின் பாலாக இருந்தால் நல்லது. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப்போல இரு மடங்குக்கு மேல்.

பண்ணை விலங்குகளுக்கு வருகிறேன். மதுரை நக்கீரர் நெடுநல்வாடையில் ஒரு கூதிர் நள்ளிரவைச் சொல்லும்போது மனிதரைவிட விலங்குகளையே கூர்ந்து பார்த்திருக்கிறார். மேயல் மறந்து நிற்கும் கால்நடை, ஒடுங்கிய குரங்கு, விறைத்து விழும் பறவை. பால் குடிக்க வந்த கன்றை உதைத்துத் தள்ளும் பசு. இந்தக் கடைசித் தகவல் கால்நடை வளர்ப்பவருக்குத் தலைபோகிற தகவல். குளிர் கடுமையான இரவில்தான் கன்றுக்கு அதிகப் பால் வேண்டும். அந்த இரவில்தான் அது கிடைக்காமல் போகிறது. ஈன்ற முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போய்விட வேண்டும் என்று மருத்துவர்கள் அடித்துச் சொல்வது இதனாலும்தான். அது உணவு, மருந்து, விறகு மூன்றும். நக்கீரர் பார்த்த வீட்டுப் புறாவும் அப்படி. இரை தேடப் போகாமல், இறவாணத்துப் பலகையில் கால் மாற்றி மாற்றி நிற்கிறது. மயிரில்லாத காலைச் சிறகுக்குள் இழுத்துக்கொள்வது பறவை சூட்டைச் சேமிக்கும் வழி என்று இன்றைய உயிரியல் சொல்கிறது. அதே பாட்டில் இடையர்கள் பெருமழை தொடங்கியதும் மந்தையை வேறு மேட்டு நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அந்த மேட்டு நிலத்தின் அருமை 2024-இல் எங்களுக்குப் புரிந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. டிசம்பர் 2 விடியலில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிட, தென்பெண்ணையும் மலட்டாறும் கரை கொள்ளாமல் எழுந்தன. அரசூர் பக்கம் திருச்சி நெடுஞ்சாலையையே வெள்ளம் மறித்தது. கட்டுத்தறியில் கட்டிய மாடு கட்டியபடியே நின்றது. வெள்ளத்தில் போனவை ஒரு பங்கு. வெள்ளம் வடிந்த பிறகு, நனைந்த தொழுவில், நனைந்த வைக்கோல்மேல் இரண்டு மூன்று இரவு நின்ற கன்றும் ஆட்டுக்குட்டியும் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவை இன்னொரு பங்கு. அரசு நிவாரணம் அறிவித்தது: மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000. அந்தப் பட்டியலில் நாய்க்கு ஒரு வரி கிடையாது. அதற்கு உரிமையாளர் இல்லை, ஆகவே மனுப்போட ஆளில்லை. கார்த்திகை மழைக்கு முன்பே தெருநாய் எங்கே குட்டி போட்டிருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்வது நம் வேலையாகிறது. சாக்கடைப் பாலத்துக்கு அடியில் என்றால் மழை வருவதற்குள் மாற்றியாக வேண்டும். சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு, தாயின் கண்ணெதிரே, ஒவ்வொன்றாக. மறைத்து எடுத்தால் கடிக்கும். காட்டி எடுத்தால் பின்னாலேயே வரும். அப்படியும் பல் பட்டுவிட்டால் கால் மணி நேரம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். இதில் நாளைக்குப் பார்க்கலாம் என்பதே கிடையாது. ஆடு மாடு படுத்துவிட்டால் 1962-க்கு அழைக்கலாம். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

ஆட்டுக் கொட்டகையை அடைப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பனிக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி மூடிவிடுகிறார்கள். உள்ளே மூத்திர ஆவி நிறைந்து, பனிக்குத் தப்பிய குட்டி மூச்சுமுட்டி நோகிறது. ஆடு படுக்கும் உயரத்துக்கு மட்டும் சாக்குப் படுதா கட்டி, மேலே திறந்து விட வேண்டும். சரியாக இருக்கிறதா என்று தெரிய, விடியலில் உள்ளே போய் ஆட்டின் உயரத்துக்குக் குந்தி உட்காருங்கள். கண் எரிந்தால் ஆட்டுக்கும் எரிகிறது.

அடுப்பில் பூனை தூங்குகிறது என்றால் அந்த வீட்டில் சோறு பொங்கவில்லை என்று பொருள். வறுமையைச் சொல்ல வந்த அந்த வழக்கில் ஒரு இயற்கை அறிவு உறைந்திருக்கிறது. அணைந்த விறகடுப்பின் சாம்பல் போலப் பூனைக்கு ஒரு படுக்கை இல்லை: உலர்ந்தது, மெத்தென்றது, விடிய விடியச் சூடு தாங்குவது. எரிவாயு அடுப்பு வந்து பெண்களின் நெஞ்சைப் புகையிலிருந்து காப்பாற்றியது. அதை யாரும் திரும்பக் கேட்க மாட்டோம். ஆனால் பூனை தன் படுக்கையை இழந்தது உண்மை. இப்போது அது ஓடி நின்ற வண்டியின் எஞ்சினுக்குள் போய்ப் படுக்கிறது. காலையில் காரை எடுக்கும் முன் பானெட்டை ஓங்கி இரண்டு தட்டுத் தட்டுவது பெரியம்மாவின் வாளித் தட்டுக்கு ஈடான காரியம். குண்டு பல்பு போய் எல்இடி வந்ததிலும் இதே கதைதான். கோழிக்குஞ்சுப் பஞ்சாரத்துக்குள் தொங்கிய 60 வாட் பல்பு வெளிச்சத்தைவிடச் சூட்டைத்தான் அதிகம் கொடுத்தது. அதைக் கழற்றிவிட்டு 9 வாட் எல்இடி மாட்டியவர்கள், விளக்கு எரிந்தும் குஞ்சு ஏன் குவிந்து நசுங்கிச் செத்தது என்று கேட்கிறார்கள். முதல் வாரக் குஞ்சுக்கு 33 முதல் 35 டிகிரி வேண்டும். குஞ்சுகள் விளக்கடியில் மொய்த்தால் குளிர்கிறது, ஓரத்துக்கு ஓடினால் சுடுகிறது, பரவலாகக் கொறித்துத் திரிந்தால் சரியாக இருக்கிறது.

தெருநாய்க்கு ஒரு பெட்டி செய்ய விரும்புகிறவர்களுக்கு: மீன் கடையில் தெர்மோகோல் பெட்டி சும்மாவே கிடைக்கும். அதில் நூற்றுக்கு 98 பங்கு காற்று. காற்று அசையாமல் அடைபட்டிருப்பதால்தான் அது சூட்டைக் காக்கிறது. கழுவிக் காயவைத்துக் கவிழ்த்து, ஒரு பக்கம் நாய் நுழையும் அளவுக்கு மட்டும் வெட்டி, இரண்டு செங்கல்மேல் ஏற்றிவையுங்கள். வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்று நம் முன்னோர் காற்றுக்குப் பெயர் வைத்தபோதே தீர்த்துவிட்டார்கள். வடக்கே இருந்து வருவது வாடை, கிழக்கே கொண்டல். இரண்டுக்கும் முதுகு காட்டி, தெற்கு பார்த்து வாசல். உள்ளே பழைய துணியைத் திணிக்காதீர்கள். துணி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். வைக்கோல் போடுங்கள். தாள் உள்ளே குழல், ஒவ்வொரு குழலிலும் காற்று; ஈரம் அதன்மேல் தங்காமல் கீழே இறங்கிவிடும். அறுவடைக்கு முந்திய மாதத்தில் வைக்கோல் கிடைக்காவிட்டால் காய்ந்த கரும்புச் சோகையை நறுக்கிப் போடலாம். நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

நாய்த்தொல்லை இவ்வளவு இருக்கும்போது அதற்குப் படுக்கை வேறா என்று கோபப்படுகிறவர்களை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை நாய் விரட்டுவதைப் பார்த்தவர்கள் அவர்கள். கொல்கத்தாவின் ஐசர் அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் மேற்கு வங்கத்தில் 364 தெருநாய்க் குட்டிகளைப் பின்தொடர்ந்து 2016-இல் எழுதினார்கள்: இனம்பெருக்கும் வயதுவரை பிழைத்தவை நூற்றுக்கு 19 மட்டுமே, இறந்தவற்றில் 63 சதவீதம் மனிதர் காரணமாக. இவ்வளவு செத்தும் தெருவில் நாய் குறையவில்லை. குட்டிகள் சாவது நாயைக் குறைக்காது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அடுத்த பருவத்தில் தாய் மறுபடி ஈனும். நாயின் சினைக்காலம் 63 நாள் அளவில். புரட்டாசி, ஐப்பசியில் இணைந்தவை கார்த்திகை, மார்கழியில், மழைக்கும் பனிக்கும் நடுவே ஈனுகின்றன. அப்படியானால் குட்டி குளிரில் சாகாமல் இருக்க மிகச் சிறந்த வேளை மார்கழி இல்லை, ஆடி. ஆடிக்குள் தெருவிலுள்ள பெட்டை நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் முடிந்துவிட்டால் அந்த மார்கழியில் நடுங்குவதற்குக் குட்டியே இருக்காது. 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் இந்தப் பொறுப்பை உள்ளாட்சியிடம் கொடுத்திருக்கின்றன. நாயை வெறுப்பவரும் நாய்க்குச் சோறு வைப்பவரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடக்கூடிய காரியம் இது. எங்கள் தெருவில் அப்படி ஒரு மனு தயாராகிறது. பெரியம்மா கையெழுத்துப் போட்டாயிற்று.

இந்த வருடம் ரேஷன் கடைப் படிக்குப் பின்னால் ஒரு செம்பழுப்பு நாய் ஐந்து குட்டி போட்டிருக்கிறது. ஐந்தும் இருக்கின்றன. மூத்தது நேற்றுக் கண்ணைத் திறந்தது. சாம்பல் நீலமாக ஒரு கீற்று தெரிகிறது. இரவில் ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. நடுவில் கைவிட்டால் சோற்றுப்பானைச் சூடு. பகலில் தாய் அவற்றை வெயிலுக்கு இழுத்துப் போடும் நேரத்தில், அடியில் விரித்த சாக்கை உருவிக் காயப்போட்டுவிடுகிறேன். இப்போது அது முருங்கைக் கிளையில் தொங்குகிறது. ஒரு பக்கம் காய்ந்துவிட்டது, மறுபக்கம் இன்னும் கொஞ்சம் ஈரம். வெயில் இறங்குவதற்குள் திருப்பிப் போட வேண்டும்.